சீட்டுக்கு அடியில் கரண்டு

மாம்பழக் கூழ் விற்கிற வேலைக்கு மாம்பழத்தைப் பற்றித் தெரிந்தால் போதும் என்று நம்பித்தான் நான் சேர்ந்தேன். சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் போகிற வழியில் எங்கள் ஃபேக்டரி. சீசனில் வாசலில் மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். சீசன் முடிந்தால் குடோனில் கூழ் டிரம்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த டிரம்களை வெளிநாட்டுக்காரர்கள் தலையில் கட்டுவது என் வேலை. எனக்கு முன்னால் இதைச் செய்துகொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். "இங்லீஷ் பேசறது நம்ம ஜெயந்தம்மாதானே, அவங்களே போகட்டும்" என்று எங்கள் முதலாளி பெத்த சார் முடிவு செய்துவிட்டார். நகரியில் தறிச் சத்தத்தில் வளர்ந்த நான், ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கனடாவுக்குக் கிளம்பினேன்.

விமானத்தில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, திரையின் மூலையில் தேய்ந்துகொண்டே போகும் அந்தக் குட்டி பேட்டரிப் படத்தையே பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

கனடா பிளக்

கனடாவில் நம்ம ஊர் பிளக் நுழையாது என்று யாரோ சொன்னார்கள். நான் குடியிருப்பது திருப்பதி. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஜனங்கள் வந்து இறங்குகிற ஊரில் இது கிடைக்காமலா போகும் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த எலக்ட்ரிகல் கடையில் கேட்டேன்.

கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்துக் கொட்டினார். உருண்டை, சதுரம், இரண்டு கால், மூன்று கால் என்று ஒரு குவியல். ஒவ்வொன்றாக எடுத்து என் சார்ஜரில் மாட்டிப் பார்த்தோம். எல்லாமே வெளிநாட்டு பிளக்கை நம்ம ஊர் சுவரில் மாட்டுகிறவை. எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கே எது நேர், எது எதிர் என்று குழம்பிவிட்டது. கடைசியில் அவர் பெட்டியை மூடிவிட்டுச் சொன்னார்:

"மேடம், அங்கேர்ந்து சாமி கும்பிட வர்றவங்களுக்குத்தான் நான் பிளக் வெச்சிக்கினு இருக்கறேன். இங்கேர்ந்து அங்க போறவங்க யாரும் இதுவரைக்கும் வந்து கேக்கல."

ரெண்டு பெட்டி

கூழ் சாம்பிள் பாக்கெட்டுகள் கசங்கிவிடக் கூடாது என்று அவற்றைக் கைப்பையில் பத்திரமாக வைத்தேன். போனுக்கு மட்டும் உதவுகிற, செங்கல் கனத்துக்கு இருந்த பவர் பேங்கை, தோள் வலிக்குமே என்று பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்தேன். ரொம்ப யோசித்துச் செய்த ஏற்பாடு.

சென்னை ஏர்போர்ட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெரிய பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பேட்டரி சாமான் எதுவும் அதில் போகக் கூடாதாம், கையில்தான் வைத்திருக்க வேண்டுமாம். சரி என்று பவர் பேங்கைக் கைப்பைக்கு மாற்றுவதற்காக அதைத் திறந்தேன். உள்ளே கூழ் பாக்கெட்டுகள். தண்ணீர் மாதிரி இருக்கிற சாமான் இவ்வளவு கையில் போகக் கூடாதாம், பெரிய பெட்டியில்தான் போக வேண்டுமாம். ஆபத்தானது என் மடியிலும், ஒன்றும் தெரியாத மாம்பழம் விமானத்தின் வயிற்றிலும் ஏன் போக வேண்டும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தரையில் உட்கார்ந்து இரண்டு பெட்டியையும் கலைத்து அடுக்கினேன். அந்த அதிகாரி கோபமே படாமல், மெச்சுகிற குரலில் சொன்னார்:

"ரெண்டையும் கரெக்டா மாத்தி வெச்சிருக்கீங்க மேடம்."

கம்மல்

விமானம் மேலே ஏறிச் சமநிலைக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். பெத்த சார் கேட்ட கணக்கை முடிக்க வேண்டும். பிளக் பாயின்ட் எங்கே என்று பணிப்பெண்ணைக் கேட்டேன். "உங்கள் சீட்டுக்கு அடியில்" என்று சிரித்துவிட்டுப் போனாள். முன் சீட்டுக்கும் என் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம். அதில் குனிந்து, கன்னத்தை முழங்காலில் ஒட்டிவைத்து, கையை மட்டும் அடியில் விட்டுத் துழாவினேன். கம்பி தட்டியது. யாருடைய செருப்போ தட்டியது. பாயின்ட் தட்டவில்லை.

பக்கத்து சீட்டில் வரதய்யபாளையத்துக்காரர் ஒருவர். வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறாராம், லீவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். நான் துழாவுவதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார். போனில் டார்ச் அடித்தார். பின் சீட்டுக்காரரிடம் காலைத் தூக்கச் சொன்னார். அவரும் தேடினார். மூன்று வரிசை ஜனங்கள் குனிந்திருக்க, என் விரல் பாயின்ட்டில் பட்டது. எந்த ஊர் பிளக்கும் நுழைகிற பாயின்ட் அது; செருகிவிட்டு நிமிர்ந்து, "கெடச்சிருச்சிங்க, கரண்டு வந்துச்சி" என்றேன். கிரேன்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கரண்டா? நான் கம்மல்தான் உழுந்து பூடிச்சின்னு நெனச்சிக்கினு முட்டி தேயத் தேடிக்கினு இருந்தேனே!"

சின்ன பிளேன்

கிடைத்த கரண்டு நிலைக்கவில்லை. பிளக்கைச் செருகினால் பச்சை விளக்கு எரியும். லேப்டாப்பில் மின்னல் படம் வரும். நான் மூச்சு விட்டு நிமிர்வதற்குள் இரண்டும் போய்விடும். பிடுங்கிச் செருகினால் மறுபடி எரியும், மறுபடி போகும். எங்கள் நகரி வீட்டில் தறி ஓடும்போது மோட்டாரும் போட்டால் ஃபியூஸ் போய்விடும், தெருவே எங்களைத் திட்டும். அந்த பயம் எனக்குள் எழுந்தது. நிமிர்ந்து விமானத்தின் விளக்குகளையெல்லாம் பார்த்தேன். நல்லவேளை, எரிந்துகொண்டிருந்தன.

பேட்டரி காலியாகிக் கணினி கண்ணை மூடிய பிறகு, இறங்குகிற நேரத்தில், பணியாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு விளக்கினார். என் லேப்டாப் கேட்கிற கரண்டு அதிகம். சீட் அவ்வளவு கொடுக்காது. ரொம்பக் கேட்டால் தானே நிறுத்திக்கொள்ளும். லேப்டாப்பை அணைத்துவிட்டு சார்ஜ் போட்டால் ஒருவேளை ஏறலாம். அதாவது வேலை செய்தால் சார்ஜ் ஏறாது, சார்ஜ் ஏறினால் வேலை செய்யக் கூடாது. அப்படியானால் அந்த பாயின்ட் எதற்கு என்று கேட்க நினைத்தேன். பெல்ட் போடச் சொல்லிவிட்டார்கள்.

அந்த லேப்டாப்பைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தவன் தயாளன். எங்கள் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் எல்லாம் அவன் பொறுப்பு. 'ஃபேக்டரி வீடியோ சும்மா ஜம்முன்னு ஓடும் மேடம்' என்று இருப்பதிலேயே பெரியதாக வாங்கியிருந்தான். வளைகுடா ஏர்போர்ட்டில் இறங்கியதும் முதல் வேலையாக அவனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். உடனே தீர்ப்புச் சொன்னான்.

"லேப்டாப்பு நல்லாத்தான் இருக்குது மேடம். பிளேன்தான் சின்னது."

அச்சார்

அடுத்த விமானத்துக்கு முன்னால் மறுபடி ஒரு சோதனை. பெல்ட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் என் லேப்டாப்பை மட்டும் தனியாக எடுத்து வைத்தார் அங்கிருந்தவர். ஆன் செய்து காட்டு என்றார். அதுதான் செத்துக் கிடக்கிறதே! பேட்டரி இல்லை என்றேன். ஆன் ஆகாத கணினியை மேலே அனுப்ப முடியாது என்றார். அதில்தான் கூழின் பரிசோதனை அறிக்கைகள், விலைகள், என் மூன்று மாத உழைப்பு எல்லாம் இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் என்னைச் சுவர் ஓரமாக உட்காரவைத்தார். அங்கே பாயின்ட் இருந்தது, ஆனால் அதன் ஓட்டைகள் சதுரம், என் பிளக்கின் கால்கள் உருண்டை. அவரே எங்கிருந்தோ ஒரு மாற்று பிளக் கொண்டுவந்தார். கணினி விழித்தது. திரை முழுக்க எங்கள் ஃபேக்டரி முற்றம்: மலை மாதிரி குவிந்து கிடக்கும் பச்சைக் கிளிமூக்கு மாங்காய். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. என்ன தப்பாகிவிட்டதோ என்று நான் திரையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். குரலைத் தாழ்த்தி, மலையாளமும் தமிழுமாகக் கேட்டார்:

"பேக்கில் அச்சார் உண்டோ, மாங்கா ஊறுகாய்?"

அஞ்சு நிமிஷம்

அடுத்த வருஷம் போனபோது நிலைமை மோசம். போன சீசன் டிரம்கள் குடோனை விட்டு நகரவில்லை. புது மாங்காய் பறிப்புக்கு வந்துவிட்டது. குடோன் காலியாகாமல் கேட்டைத் திறக்க முடியாது என்று பெத்த சார் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் தினமும் வந்து வாசலில் நின்றார்கள். டொராண்டோவில் கூழ் வாங்குகிற கம்பெனிதான் ஒரே நம்பிக்கை. வளைகுடாவில் இரண்டாவது விமானத்தில் ஏறுகிற நேரத்தில் பெத்த சார் போனில் புது விலை சொன்னார். அந்தக் கம்பெனியின் ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு பக்கம் கணக்கு உண்டு. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இந்தத் தடவை தயாளன் சின்ன லேப்டாப் கொடுத்திருந்தான். சீட்டில் செருகியதும் கரண்டு ஏறியது, போகாமல் நிலைத்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பக்கத்தில் நாராயணவனத்துக் கணவன் மனைவி. மகளின் பிரசவத்துக்குப் போகிறார்கள். அந்த அம்மா மூக்கில் மெல்லிய குழாய், மடியில் டிபன் கேரியர் அளவுக்கு ஒரு மிஷின். எங்கள் வரிசையில் இரண்டு பாயின்ட். ஒன்று வேலை செய்யவில்லை. பாதி வழி போயிருப்போம். கணவர் மெதுவாக, "ஏம்மா, அந்த பிளக்க எங்களுக்குக் கொஞ்சம் உட முடியுமா?" என்றார். போனுக்கு என்று நினைத்து, "அஞ்சு நிமிஷங்க" என்றேன். "சரிம்மா, நீ பாரு" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

பீப் பீப் என்று சத்தம் கேட்டது. விமானத்துக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அண்ணாந்து பார்த்தேன். சத்தம் அந்த அம்மாவின் மடியிலிருந்து வந்தது. முதல் விமானம் தாமதமானதில், மாற்றுக்கு வைத்திருந்த பேட்டரிகளும் தீர்ந்துவிட்டிருந்தன. மூச்சுக்கான மிஷின் அது. நான் என் பிளக்கைப் பிடுங்கிய வேகத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. பணிப்பெண் ஓடிவந்தாள். மாறி உட்கார விமானத்தில் ஒரு சீட்டும் காலி இல்லை. அவர்கள் பிளக் வேறு கனம். செருகினால் நழுவி விழுந்தது. அதனால் கணவர் கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம் என்று குனிந்து கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தோம். அந்த அம்மா தூங்கிவிட்டார். உதட்டுக்கு மெல்ல நிறம் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது. என் லேப்டாப் எப்போது அணைந்தது என்று நான் கவனிக்கவில்லை.

டொராண்டோவில் சக்கர நாற்காலி வந்தது. ஏறி உட்கார்ந்த அந்த அம்மா, வழி முழுக்க ஒரு வார்த்தை பேசாதவர், என் கையைப் பிடித்தார்.

"நீ என்னவோ எழுதிக்கினு இருந்தியே கண்ணு, அத்த முடிச்சிட்டியா?"

எந்தப் பக்கம்

முடிக்கவில்லை. ஓட்டலில் உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாம் என்றால் விமானம் இறங்கியதே தாமதம். நேராகக் கூட்டத்துக்கு ஓடினேன். அங்கே நல்ல கரண்டு, நல்ல பிளக், பெரிய திரை, எல்லாம் இருந்தது. நேரம்தான் இல்லை.

வாங்குகிற கம்பெனியின் மேலாளர் நரைத்த முடிக்கார அம்மா. பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முன்பாதியில் புது விலை, பின்பாதியில் பழைய விலை. ஒரே கூழ், ஒரே டிரம். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி, "இதில் எந்தப் பக்கத்தை நான் நம்ப வேண்டும்?" என்றார். மூச்சு மிஷின், நழுவின பிளக் என்று சொல்ல ஆரம்பித்தேன். எனக்கே அது கதை விடுகிற மாதிரி இருந்தது. நிறுத்திக்கொண்டு, "முன்பாதிப் பக்கங்களைத்தான். மீதியை மாற்ற நேரம் கிடைக்கவில்லை" என்று மட்டும் சொன்னேன். அவர் கூழை ருசி பார்த்தார். வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். போன சீசன் டிரம்களை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இந்த சீசனுக்கு இப்போது எந்த வாக்கும் கொடுக்க முடியாது என்றும் சொன்னார்.

குடோன் காலியாகும், கேட் திறக்கும், லாரிகள் உள்ளே வரும். அதற்கு அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியாது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வாசலில் குளிரில் நின்றபடி பெத்த சாருக்குப் போன் செய்தேன். மாற்றாத பக்கங்களையும் மறைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் கால்குலேட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அவுனா, அப்படியா? பாதி பக்கம் மாத்தினதுக்கே பாதி ஆர்டரா? அந்தப் பாதியும் மாத்தியிருந்தா நான் இன்னொரு குடோன் கட்டணுமேம்மா!"

அவர் பாராட்டினாரா திட்டினாரா என்று நானும் தயாளனும் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அடுத்த டிக்கெட் வந்துவிட்டது, அதில் சீட் நம்பர் இருக்கிறது, சாப்பாடு சைவம் என்று இருக்கிறது, கரண்டு உண்டா இல்லையா என்பது மட்டும் எங்கே போட்டிருக்கிறது என்று தெரியவில்லை.