கராஜில் இருந்த துவக்குத் துண்டுகள்

2011ஆம் ஆண்டு, குவேக்கர்ஸ் ஹில் என்ற புறநகரில் வாடகை வீடொன்றில் இருந்தோம். கார்த்திகை விளக்கீட்டுக்கு ஏற்றும் சிட்டிகளை, அந்தச் சிறு மண்விளக்குகளைத் தேடிக் கராஜுக்குள் போனபோது, அலுமாரிக்குப் பின்னால் ஒரு பெட்டி தட்டுப்பட்டது. உள்ளே பழைய துவாயில் ஏதோ சுற்றியிருந்தது. பிரித்துப் பார்க்க முதலே என் கை அதை அறிந்துவிட்டது. துவக்கின் கைப்பிடி. அதற்குக் கீழே தோளில் முட்டுக்கொடுக்கும் பகுதி, கறுத்த குழல், சிறு பைகளில் சுருள்வில்லுகள், ஆணிகள்.

போரின் கடைசி மாதங்களை வன்னியில் கழித்தவள் நான். இவை என்னவென்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியே சீமெந்துத் தரையில் குந்திவிட்டேன்.

கணவர் வேலையால் வரும்வரை நான் அடுப்பு மூட்டவில்லை. அவர் போர் முற்றுவதற்கு வெகுகாலம் முன்பே படிக்க வந்து, கணினி வேலையில் சேர்ந்து, இந்நாட்டுக் குடிமகனானவர். துவக்கைக் கிட்டத்தில் கண்டதே இங்கேதான். அலுவலக நண்பர் ஒருவரோடு குறிசுடும் கழகத்தில் சேர்ந்து, சாதாரண துவக்குக்கு லைசென்ஸ் எடுத்திருந்தார். அது எனக்குத் தெரியும். இது தெரியாது. வந்ததும் பெட்டியைக் காட்டிக் கேட்டேன்.

"பதறாதையும். அமெரிக்காவிலை ஆக்கள் துண்டுகளைப் பொருத்தி இதை வீட்டிலேயே பூட்டுறாங்கள். ஆமித் துவக்கு மாதிரி, தானாக அடுத்த குண்டு ஏறுறது. முழுசாய் வாங்கினால் சரியான விலை. துண்டுதுண்டாய் வாங்கினால் மலிவு."

"இஞ்சை அதை வைச்சிருக்கலாமோ?"

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"நடுப்பகுதி இன்னும் வரேல்லை. அது இல்லாட்டில் இது வெறும் இரும்பு."

"எங்கையிருந்து வருது?"

"வெளிநாட்டிலை இருந்து. ஓடர் பண்ணி ஆறு கிழமை."

படகில் வந்த என் தம்பி அப்போது வில்லாவூட் தடுப்பு முகாமில் இருந்தான். அகதி என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்பு விசாரணை மட்டும் முடியவில்லை. ஞாயிறுதோறும் பிட்டு அவித்துக்கொண்டு போவோம். அவன் கொடுத்திருந்த ஒரே உறவினர் முகவரி எங்கள் வீட்டு முகவரி. அந்த முகவரிக்குத்தான் துவக்கின் துண்டுகள் வந்துகொண்டிருந்தன.

"தம்பியை நினைச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

அவர் முகம் வெளிறியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். "இல்லை," என்றார். "சத்தியமாய் நினைக்கேல்லை."

அடுத்த நாள் பின்னேரம் சுங்கத்திலிருந்து கடிதம் வந்தது: அவர் பெயருக்கு வந்த பொதியொன்றைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். அவர் பெட்டியைக் கொண்டுபோய் எங்காவது ஆற்றில் போடுவோம் என்றார். நான் விடவில்லை. ஒளித்தது பிறகு பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஒரு வழக்கறிஞரைத் தேடிப் பிடித்தோம். "எதையும் தொட வேண்டாம், பொலிஸ் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். நீங்களே பொலிசுக்குப் போன் பண்ணுங்கோ, அவங்கள் வருவாங்கள்," என்றார் அவர்.

போன் பண்ணினோம். சனிக்கிழமை காலை பொலிசார் இருவர் வந்தார்கள், ஓர் ஆண், ஒரு பெண். சீருடையைக் கண்டதும் நான் சுவரோடு ஒதுங்கி நின்றேன். சப்பாத்துக் கழற்றாமல் உள்ளே வந்தார்கள். ஆனால் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆண் அதிகாரி கணவரோடு கராஜுக்குப் போனார். அந்தப் பெண் என்னை அடுப்படிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். என்னை விட வயது குறைவு. என் கைகளைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்: கணவரைக் கண்டு பயமா? அவர் எப்போதாவது என்னை மிரட்டியிருக்கிறாரா?

இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை, திரும்பவும் கேட்டாள். உன்னைக் கண்டுதான் பயம் என்று சொல்ல எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, துணிவும் வரவில்லை. தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டு, பயமென்றால் அழைக்கும்படி ஒரு அட்டையில் தொலைபேசி இலக்கம் எழுதி மேசையில் வைத்தாள்.

பெட்டியையும், லைசென்ஸில் இருந்த துவக்கையும் கொண்டுபோனார்கள். நீதிமன்றத்தில் தானாக அறிவித்ததைக் கணக்கில் எடுத்து, நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். லைசென்ஸ் போனது. அதற்கு அவர் வருந்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முகாமுக்கு வரும்போதெல்லாம் தம்பியின் முகத்தை நேராகப் பார்க்க மாட்டார். மற்றப் பொடியளோடு கதைத்துக்கொண்டிருப்பார்.

தம்பி வெளியே வந்தது 2013இல். ஏன் அவ்வளவு காலம் எடுத்தது என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டால்தானா, அல்லது எல்லோருக்கும் நடந்த இழுபறியா, இன்றுவரை தெரியாது. அவன் வந்த கிழமையே நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒன்றைத்தான் கேட்டான்:

"அத்தான் அதைப் பூட்டி என்ன செய்ய இருந்தவர், அக்கா?"

"ஒண்டுமில்லை," என்றேன். "பூட்டிப் பார்க்க ஆசைப்பட்டவர். அவ்வளவுதான்."

"ஆசையோ?" என்றான் தம்பி. அந்தச் சொல்லை விளங்கிக்கொள்ள முயல்பவன்போல மறுபடியும் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.