பின்னறையில் கிழியும் துணி

சர்ர்ர்... தொம்!

பின்னறையிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த டீச்சரின் பார்வை, மூடிய கதவில் குத்தி நின்றது.

"உள்ள என்ன நடக்குது?"

"பொண்ணு துணி கிழிக்கிறா, டீச்சர்." தையற்காரி தையல் மெஷினை நிறுத்தினாள்.

"யாரோட துணி?"

"தைச்சது போக மிஞ்சின துண்டு. கோபம் வந்தா யார் மேலயும் கை வைக்காத, அங்க போய்க் கிழிச்சுத் தீர்த்துக்கோன்னு சொல்லியிருக்கேன். ஒரு நுனியை ஓங்கி மிதிச்சுக்கிட்டு இழுப்பா. அதான் அந்தத் தொம்."

டீச்சர் நம்பவில்லை. இந்த வீட்டில் தினமும் பிள்ளை அடிபடும் சத்தம் கேட்கிறதென்று பள்ளிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது நிஜமென்று டீச்சர் எழுதிக் கொடுத்தால், மகளைத் தன்னிடமிருந்து பிரித்துவிடுவார்களே என்று தையற்காரி பதறினாள். போட்டுக் கொடுத்தது யார்? எதிர் வீட்டுக்காரியா? காலையில்கூட "சௌக்கியமாக்கா?" என்று பல்லைக் காட்டினாளே, பாவி!

டீச்சர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். கந்தல் நாடாக்களுக்கு நடுவே வியர்த்து நின்றாள் ஒன்பது வயது மகள்.

"என்னம்மா கோபம்?"

"பக்கத்து பெஞ்சுக்காரி என் படத்துல மை கொட்டிட்டா. முன்னாடின்னா கடிச்சு வச்சிருப்பேன்."

"அம்மா உன்னை அடிச்சாங்களா? பயப்படாம சொல்லு."

"அடிச்சாங்க."

தையற்காரி மெஷினை விட்டு எழுந்து கதவருகே வந்தாள்.

"எப்போ?"

"போன வருஷம், அளவுகோலால. நான் அவங்க கையைக் கடிச்சேன். ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு அழுதோம். அப்புறம்தான் இப்படி." சிறுமி மூலையைக் காட்டினாள். "இது என் குவியல். அது அம்மாவோடது."

தாயின் குவியல் இரண்டு மடங்கு உயரம்.

"உங்களுக்கு யார் மேல இவ்வளவு கோபம்?"

"அளவு குடுத்துட்டுப் போய், குண்டாகி வந்து, நான் தப்பா தைச்சுட்டேன்னு சண்டை போடறவங்க மேல."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, விழுங்கிக்கொண்டாள். சந்தேகம் முழுதாகக் கரையவில்லை.

"இப்போதைக்கு எதுவும் எழுதல. ஆனா சொல்லாம கொள்ளாம மறுபடி வருவேன்."

"எப்ப வேணும்னாலும் வாங்க."

டீச்சர் படியிறங்கினாள். எதிர் வீட்டு ஜன்னல் திரை லேசாக அசைந்தது. தையற்காரியின் விரல்கள் தாமாக மடங்கின. கேட்டுவிடலாமா, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை? முதுகுக்குப் பின்னால் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவை அறையாமல், மெல்லச் சாத்தினாள்.