சுக்கு வந்திருக்கு

கிரிக்கெட் கிளப்பில் என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம், என் சிநேகிதன் போடும் பந்தை வேறு யாராலும் பிடிக்க முடியாததுதான். அவன் ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் மொத்தமாக விற்கும் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அதே தெருவில் என் அப்பா மூட்டை இறக்குகிறவர். கடை சாத்திய பிறகு அவன் சந்தில் பந்து போடுவான், நான் பிடிப்பேன். பத்து வயதில் அவன் அங்கே எடுபிடியாகச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். கிளப்புக்காரர்கள் அவனைக் கூப்பிட்டபோது, ஸ்டம்புக்குப் பின்னால் நிற்க என்னையும் கூப்பிட வேண்டியதாயிற்று.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான் முதல். படித்துத் தேறி, சர்க்கார் ஆபீசில் நகல் எழுதும் குமாஸ்தாவாகியிருந்தேன். ஆபீசில் அதிகாரிகளுக்கு முன்னால் நின்றுகொண்டேதான் பேச வேண்டும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம், கிளப் வராந்தாவில், அதே அதிகாரிகளின் வரிசையில் எனக்கும் ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. முதல் நாள் நுனியில்தான் உட்கார்ந்தேன். அப்பா விசாரித்தார்.

"சாய்ஞ்சு இருந்தியா?"

"இல்லப்பா."

"அடுத்த வாரம் சாயி. அந்த நாற்காலி முதுகு அங்க சும்மாதான கெடக்கு."

என் சிநேகிதன் போடுவது இரண்டு விதமான சுழல் பந்து. ஒன்று விழுந்ததும் மட்டைக்காரனை விட்டு வெளியே போகும். மற்றது அதே கை, அதே விரல், ஆனால் உள்ளே வரும். எங்கள் மைதானத்தில் தரைமேல் கயிற்றுப் பாய் விரித்து ஆடுவோம். அந்தப் பாயில் இரண்டுமே வெடுக்கென்று திரும்பும். கையைப் பார்த்து எது என்று சொல்ல என்னாலும் ஆகாது. ஆகையால் அவன் பந்தை வாங்கித் திரும்பி நடக்கும்போது எனக்காகக் கடைப்பேச்சு ஒன்றை உரக்க விடுவான். "மொளகு போயாச்சு" என்றால் வெளியே போகும் பந்து. மிளகு கப்பலேறிப் போகிற சரக்கு. "சுக்கு வந்திருக்கு" என்றால் உள்ளே வரும் பந்து. சுக்கு மலையிலிருந்து கிட்டங்கிக்கு வருகிற சரக்கு. எதிர் அணிக்காரர்கள் சிரிப்பார்கள். பாண்டி வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டான் என்று, "பாண்டி கச்சவடம் துடங்கி" என்பார்கள். பாண்டி என்பது இந்த மலையாள ஊரில் தமிழனுக்கு இட்ட பெயர். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் ஸ்டம்ப் சாய்ந்திருக்கும்.

பிறகு அவன் முதலாளி அவனைக் கொழும்புக் கடைக்கு அனுப்பினார். அங்கேயும் ஆடினான். அங்கே பார்த்தவர்களுக்கும் அந்தக் கை பிடித்துப்போயிற்று. கொஞ்ச காலத்தில் சிலோன் அணியிலேயே அவனை எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. "அவன் ராஜ்யம் மாறி" என்றார் எங்கள் காப்டன், நாடு மாறிவிட்டான் என்று. அவர் வக்கீல், அதைத் தீர்ப்புப் போலச் சொன்னார்.

அவன் போனதில் என் இடமும் ஆட்டம் கண்டது. மற்றவர்கள் போடும் பந்தை யாரும் பிடிக்கலாமே. கல்லூரிப் பையன் ஒருவன், என்னைவிட நன்றாக மட்டை பிடிக்கிறவன், காத்துக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில் சிலோன் அணி வடக்கே போகும் வழியில் இங்கே ஆட ஏற்பாடாயிற்று.

"ஆ களி கழியட்டே. என்னிட்டு நோக்காம்" என்றார் காப்டன். அந்த ஆட்டம் முடிந்த பிறகு என் இடத்தைப் பற்றிப் பார்க்கலாமாம். கூடவே, "நிங்கள் ரெண்டும் பாண்டியல்லே. அவனு வேண்டி நீ ஒன்னும் விட்டுகொடுக்கருது, கேட்டோ" என்றார், அவனுக்காக எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று.

அவன் பந்தின் சூட்சுமம் என்ன என்று கேட்டார். மிளகு, சுக்கு இரண்டையும் சொன்னேன். ஆடப்போவது என் அணி. சொல்லாமல் இருக்கத் தோன்றவில்லை.

முந்தின நாள் அவனைப் பழவங்காடியில் பார்த்தேன், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தான். கொஞ்சம் கறுத்திருந்தான்.

"அங்கயும் உன்னப் பாண்டின்னுதான் சொல்லுகானுவளா?" என்றேன்.

"அங்க நான் கொச்சியாக்கும். மலையாளத்துலேருந்து போனவன் எல்லாம் அங்க கொச்சிதான்."

"தேங்கா எந்த நாட்டுக்கு ஒடச்ச?"

"பொதுவாட்டு ஒடச்சேன் மக்கா. பிள்ளையாருக்கு ரெண்டு எடமும் வேணும்லா."

மறுநாள் எங்கள் ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டு மட்டை பிடிக்கப் போனார்கள். அவன் வாயே திறக்கவில்லை. சிலோன் கீப்பருக்குத் தமிழ் தெரியாது. ஏதோ விரல் சைகை வைத்திருந்தார்கள். காப்டன் ஸ்டம்பைப் பறிகொடுத்துத் திரும்பி வரும்போது, நான் பொய் சொன்னவன் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நான் இறங்கியபோது பத்து ஓட்டம் எடுத்தால் ஜெயம், எனக்குப் பிறகு ஒருவர்தான் பாக்கி. அவன் பந்தை வாங்கினான், முதுகைக் காட்டி நடந்தான்.

"சுக்கு வந்திருக்கு" என்றான்.

காலையிலிருந்து பேசாதவன் எனக்கு மட்டும் ஏன் சொல்கிறான்? நான் காப்டனிடம் சொன்னது அவனுக்குத் தெரிந்துவிட்டது, அதனால் பொறி வைக்கிறான் என்று நினைத்தேன். எந்த நாட்டுக்காரன் எதிராளிக்கு உண்மையைச் சொல்வான்? அப்படியானால் இது மிளகு. வெளியே போகும் என்று மட்டையை நீட்டினேன். பந்து பாயில் விழுந்து உள்ளே வந்தது, மட்டைக்கும் காலுக்கும் நடுவில் புகுந்தது. நடு ஸ்டம்ப் சாய்ந்தது. அடுத்தவரும் உடனே போனார். தோற்றோம்.

வராந்தாவில் எல்லாரும் இருந்தார்கள். நான் உட்காரவில்லை.

"அவன் நின்னோடு எந்தோ பறஞ்ஞல்லோ. எந்தா?" என்றார் காப்டன்.

"சுக்கு வந்திருக்குன்னு, சார்."

"சுக்கு பறஞ்ஞால் அகத்தோட்டல்லே?"

"ஆமா சார். உள்ளே வரும்."

"என்னிட்டு நீ புறத்தோட்டு களிச்சு."

"நான் நம்பல்ல, சார்."

காப்டன் சிரிக்க ஆரம்பித்தார்.

"பாண்டி பறஞ்ஞது பாண்டி விஸ்வசிச்சில்ல. எங்கில் நீ நம்முடெ ஆளு தன்னே. இரிக்கு" என்று நாற்காலியைக் காட்டினார். பாண்டி சொன்னதைப் பாண்டியே நம்பாததால் நான் அவர்கள் ஆளாகிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். உட்கார்ந்தேன். அந்த வருஷம் முழுக்க ஸ்டம்புக்குப் பின்னால் நான்தான் நின்றேன்.

மறுநாள் காலை அவனை வழியனுப்பத் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போனேன்.

"சொன்னம்லா மக்கா" என்றான்.

"எதிராளிகிட்ட எவனாம் சொல்லுவானாலே?"

"எதிராளிகிட்ட எங்க சொன்னேன்? காலையிலேருந்து வாயத் தொறந்தேனா? நீ அந்த ஸ்டம்புகிட்ட நிக்கதக் கண்டதும் பழைய மாதிரி வாய் தன்னால சொல்லிட்டு. பாதி நடந்த பொறவுதான் உன் கையில மட்டை இருக்கது ஓர்மையில வந்து."

"அப்ப மாத்திப் போட்டிருக்கலாம்லா."

"சொன்ன பொறவு எப்பிடிலே மாத்த?"

காப்டனிடம் நான் சூட்சுமத்தைச் சொன்னது அவனுக்குத் தெரியவே தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வண்டியிலிருந்து சிலோன்காரர்கள் கூப்பிட்டார்கள், "கொச்சி, கொச்சி" என்று. அவன் போய் ஏறிக்கொண்டான்.