அஞ்சலை அக்கா கொல்லையில் நான் அடித்த கம்பிகள்

கேப்பர் மலைச் செம்மண் ஈரத்தோடு பேண்ட்டில் பட்டால் அவ்வளவுதான்... எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. என் முதல் வேலையில் மூன்று பேண்ட் அப்படிப் பாழாயின.

சிதம்பரத்தில் அக்ரி படித்து முடித்த கையோடு கிடைத்த வேலை அது. மழையில் எவ்வளவு மண் அடித்துக்கொண்டு போகிறது என்று அளக்க வேண்டும். கருவி என்ன தெரியுமா? ஒரு முழ இரும்புக் கம்பி! நாலு விரல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி நிலத்தில் அடித்துவிடுவோம். மண் கரைந்தால் கம்பி கூடுதலாகத் தெரியும். ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவேன்.

மண் ஜாஸ்தி போகிற நிலத்துக்கு அரசாங்கமே இலவசமாகத் தடுப்புக் கரை போட்டுத் தரும்.

அஞ்சலை அக்காவின் மல்லாட்டைக் கொல்லையில் பத்துக் கம்பி அடித்தேன். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, கொல்லை என்றால் புன்செய் நிலம். நல்ல சரிவு நிலம். புருஷன் இல்லாத அக்காவுக்கு அந்தக் கொல்லைதான் சோறு.

கிளம்பும்போது பெரிய ஆபீசர் தோரணையில் சொன்னேன்.

"இந்த நாலு விரல் அப்பிடியே இருக்கணும்க்கா. மாடு கீடு இடிச்சிடாம பாத்துக்குங்க."

"நீ போ தம்பி, நான் பாத்துக்கறேன்."

அந்த ஐப்பசி, கார்த்திகையில் பேய் மழை. பக்கத்துக் கொல்லைகளில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. அக்கா கொல்லையில் மட்டும் ஒவ்வொரு தடவையும் அதே நாலு விரல். எனக்கு ஒரு சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லையே! சைபர், சைபர் என்று எழுதிக்கொண்டே போனேன்.

கரை போடப்போகிற நிலங்களின் லிஸ்ட் வந்தது. அக்கா பெயர் இல்லை.

தை மாதம் கம்பிகளைப் பிடுங்கப் போனேன். எல்லாவற்றுக்கும் தலை நசுங்கியிருந்தது.

"என்னக்கா இது?"

"நீதான நாலு விரல் இருக்கணும்ன? மழ வுட்டதும் மேல மேல வந்துது. நீ வர்றதுக்குள்ள கல்லால அடிச்சி எறக்கிடுவேன்."

நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாகச் சைபர்.

"எவ்ளோக்கா வந்துது?"

"மழைக்கு மழ ஒரு வெரக்கட இருக்கும்."

அக்காவிடம் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. நேராகத் திருப்பாதிரிப்புலியூர் ஆபீசுக்கு ஓடினேன். மேலதிகாரி சிரித்தார்.

"அந்தம்மா வெரல வச்சி ரிப்போர்ட் எழுத முடியுமாய்யா? அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருஷம் திட்டமே இல்லை.

இப்போதெல்லாம் கம்பியும் வேண்டாம், ஸ்கேலும் வேண்டாம். எந்த நிலத்தில் மண் போகிறது என்று சேட்டிலைட் படத்தில் கலர் கலராகத் தெரிகிறது. சிதம்பரத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தே பார்க்கிறேன். அந்த மலையும் படத்தில் வரும்... வேகமாகத் தள்ளிவிடுவேன்.

போன மாதம் நேரிலேயே போனேன். கொல்லையின் மேல் பாதி வெறும் சரளை. கீழே கொஞ்சம் மல்லாட்டை நின்றது. அக்கா பார்த்ததும் கண்டுகொண்டார்.

"நீ சொன்ன மாரி நல்லாதான பாத்துகிட்டேன்... எனக்கு மட்டும் ஏன் தம்பி கர போடல?"

இத்தனை வருஷமாக யாருமே அவரிடம் சொல்லவில்லை.

"தப்பு என்னுதுக்கா. கம்பி மேல வந்தா தொடாதீங்க, அதுதான் கணக்குன்னு சொல்லாம வுட்டுட்டேன்."

அக்கா குனிந்து ஒரு சரளைக் கல்லை எடுத்துத் தூரப் போட்டார்.

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி."