சுவிட்சில் வைத்த சந்தனம்

இருபது வருடம் லோரி வயர்களோடு மல்லுக்கட்டியவன் நான். அதில் இன்று மிச்சமிருப்பது முட்டி வலியும், எதையும் குனிந்து பார்க்காமல் நம்ப முடியாத வியாதியும்தான். படுக்கப் போனவன் கேஸ் அடுப்பை அணைத்தாயிற்றா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன். மனைவி இதை வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும். இது எங்கே ஆரம்பித்தது என்று அவளிடம் நான் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிள்ளானில் ஒரு கன்டெய்னர் லோரி யார்டில் வயர்மேனாக இருந்தேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வர வேண்டும். மழை பெய்தால் பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நிற்பது, வெயிலடித்தால் லோரிப் புகையைக் குடிப்பது. யார்டுக்குப் போய்ச் சேரும்போதே பாதி நாள் உழைத்த அலுப்பு வந்துவிடும். மீதி நாள் அதே லோரிகளுக்கு அடியில் மல்லாந்து கிடப்பேன்.

அந்த லோரிகள் இரண்டு துண்டு. முன்னால் இழுக்கிற தலை, பின்னால் கன்டெய்னரைச் சுமக்கிற டிரெய்லர். தலையின் முதுகில் கிரீஸ் பூசிய வட்டத் தட்டு ஒன்று இருக்கும். டிரைவர் ரிவர்ஸ் எடுத்து டிரெய்லருக்கு அடியில் நுழைந்தால், டிரெய்லரிலிருந்து தொங்கும் தடித்த இரும்பு முளை அந்தத் தட்டின் பிளவுக்குள் வந்து விழும். உடனே ஒரு இரும்புத் தாடை அதைக் கவ்விக்கொள்ளும். கவ்வவில்லை என்றால் எங்காவது ஒரு திருப்பத்தில் டிரெய்லர் தன் வழியில் போய்விடும்.

பழைய லோரிகளில் டிரைவர்கள் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். டிரெய்லர் பிரேக்கைப் போட்டுக்கொண்டு லோரியை இரண்டு தடவை முன்னால் வெடுக்கென்று இழுப்பார்கள். பிறகு இறங்கி, டார்ச் லைட் அடித்து, குனிந்து தாடையைப் பார்ப்பார்கள். முதுகு வலிக்கிறது, சட்டை அழுக்காகிறது என்று திட்டிக்கொண்டேதான் செய்வார்கள். ஆனால் செய்வார்கள்.

புதிய லோரிகள் வந்ததும் அந்தக் குனிதல் நின்றுபோனது. உள்ளே உட்கார்ந்தபடி ஒரு பட்டனை அழுத்தினால் காற்றழுத்தத்தில் தாடை திறந்துகொள்ளும். தாடை முழுதாக மூடினால் அதன் கம்பி போய் ஒரு சின்ன சுவிட்சின் ஊசியை அழுத்தும். டிரைவர் கண்ணெதிரே பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்தால் போகலாம், இறங்கி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். துறைமுக வாசலில் வரிசை அப்படி. அந்த விளக்குக்குத் தாடையைத் தெரியாது, ஊசியை மட்டும்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியும். வயரைப் பிரித்துப் பார்த்தவன் நான். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் யார்டின் மூத்த டிரைவருக்குக் கிள்ளானை அடுத்த மேருவில் வீடு. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைக் கடைசிவரை ‘வயர்மேன்’ என்றேதான் கூப்பிட்டார். “என்ன வயர்மேன், ஷாக் அடிச்சிச்சா, இல்ல வீட்ல திட்டு வாங்கிட்டு வந்தியா?” என்பார், நான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் நாளில். எத்தனையோ வருடம் ஓட்டியும் ஒரு மட்கார்டைக்கூட உரசாதவர். ஸ்டீரிங்கைத் தவிர வேறு தொழில் அவருக்குத் தெரியாது. கையெழுத்துப் போடுவதற்கே நாக்கைக் கடித்துக்கொள்வார்.

அந்த வருடம் ஆயுத பூஜையை ஒரு சனிக்கிழமை மதியம் யார்டில் வைத்தோம். மேனேஜர் சீனர்தான், ஆனால் பூஜை விஷயத்தில் எங்களைவிடக் கறார். மாலை வாடியிருந்தால் முகம் சுளிப்பார். லோரிகளைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். சந்தனத் தட்டு என் கையில் இருந்தது. ஸ்பேனர், வெல்டிங் மெஷின், பேட்டரி சார்ஜர் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தேன். அண்ணனின் லோரி காலி டிரெய்லரோடு பூட்டியபடி நின்றது. அடியில் குனிந்து, அந்தச் சின்ன சுவிட்சுக்கும் தாராளமாக ஒரு சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் வைத்தேன். அதுவும் ஆயுதம்தானே என்று தோன்றியது. வயர்மேனுக்கு வேறு எதில்தான் பெருமை?

ஞாயிறு முழுக்க லோரி வெயிலில் நின்றது. திங்கள் காலை அண்ணன் காலி டிரெய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுமை ஏற்றிய இன்னொன்றைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த டிரெய்லரின் முன்பக்கம் கொஞ்சம் உயரமாக நின்றிருக்கிறது. முளை சரியாக விழவில்லை, தாடை மூடவில்லை. விளக்கு மட்டும் பச்சையாக எரிந்தது.

மேருவில் காய்கறிப் பாசார் பக்கத்துத் திருப்பத்தில் டிரெய்லர் நழுவியது. காற்றுக் குழாய்கள் அறுந்து, பிரேக் தானாக இறுகி, கன்டெய்னரோடு மூக்குக் குப்புற ரோட்டில் விழுந்தது. காய்கறிக்காரர் ஒருவருடைய மோட்டார் சைக்கிள் அதற்கு அடியில் தகடாகிவிட்டது. அவர் எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தேநீர் சூடாக இருந்ததால் ஒரு உயிர் தப்பியது.

மதியத்துக்குள் லோரியின் தலையை மட்டும் யார்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். விளக்கைச் சோதித்துச் சொல் என்றார் மேனேஜர். விளக்கு கெட்டிருந்தால் தப்பு கம்பெனியுடையது. விளக்கு நன்றாக இருந்தால், பச்சை எரியாமலே கிளம்பிவிட்டார் என்று தப்பு டிரைவருடையது, அவர் வேலை போய்விடும். வேலையிலிருந்து நீக்கிய கடுதாசியோடு கிள்ளானில் வேறு எந்த யார்டுக்கும் அவர் போக முடியாது. அண்ணன் தூரத்தில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றார். நான் அட்டையை விரித்து அடியில் நுழைந்தேன்.

தாடை திறந்து கிடந்தது. ஆனால் சுவிட்சின் ஊசி உள்ளே போனது போனபடியே இருந்தது. அதைச் சுற்றிலும் மஞ்சளாக, கிரீஸோடு சேர்ந்து இறுகி, நடுவில் கொஞ்சம் சிவப்போடு ஒரு பொருக்கு. பார்த்த அந்த நொடியே புரிந்துவிட்டது. பூட்டியிருந்தபோது நான் வைத்த சந்தனம் காய்ந்து, உள்ளே போன ஊசியை அப்படியே பிடித்து வைத்திருந்தது. என் விரல் ரேகைகூட அதில் தெரிந்ததாக எனக்கு ஞாபகம். அது பயத்தில் நானே கூட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம்.

பெருவிரல் நகத்தால் சுரண்டினேன். ஊசி டுக்கென்று வெளியே வந்தது. இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்துச் சுத்தமாகத் துடைத்தேன். கை அதுபாட்டுக்குச் செய்தது என்று சொல்ல ஆசைதான். அப்படியில்லை. தெரிந்தேதான் துடைத்தேன்.

மேனேஜரின் காலணிகள் லோரிக்குப் பக்கத்தில் வந்து நின்றன. “லம்பு ஓகே கா?” என்று விளக்கைப் பற்றி மேலிருந்து மலாயில் கேட்டார்.

“ஓகே, பாஸ்.”

போர்மேன் ஏறி உட்கார்ந்து மூன்று தடவை சோதித்தார். தாடையை மூடினால் எரிந்தது, திறந்தால் அணைந்தது. அதைவிட யோக்கியமான விளக்கு உலகத்திலேயே கிடையாது.

நான் சொன்னால் மேனேஜர் பூஜையையே நிறுத்திவிடுவார், சாமி காரியத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்றெல்லாம் எனக்கு நானே நியாயம் கட்டிக்கொண்டேன். எல்லாம் வேஷம். என் வேலை போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆபீஸில் எங்களை நிற்கவைத்துப் பேசினார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மேனேஜர் அண்ணனைக் கேட்டார். விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது என்று அண்ணன் மலாயில் ஒரே வரி சொன்னார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கெஞ்சுகிறார் என்று நினைத்து, சுவரில் தொங்கிய காலண்டரில் கண்ணை வைத்துக்கொண்டேன். மறுநாள் அவருக்கு இருபத்து நாலு மணி நேர நோட்டீஸ் வந்தது.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அதே யார்டில் இருந்தேன். தினமும் காலையில் எல்லா லோரிகளுக்கு அடியிலும் புகுந்து ஊசிகளைத் துடைத்தேன். சுவிட்சுகளுக்கு ரப்பரில் உறை செய்து போட்டேன். விளக்கை நம்பாதீங்க, இறங்கிப் பாருங்க என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். “வயர்மேனே வயரை நம்பலையாலா?” என்று சிரித்தார்கள். பூஜை வந்தால் தட்டை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பேன். யாரும் சொல்லாமல் நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை அது. அதனாலோ என்னவோ, ஓய்ந்தே போனேன்.

அந்த ஆறாம் வருடக் கடைசியில் ஒருநாள் பிரிக்பீல்ட்ஸில் ரோட்டோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தேன். சுங்கை பூலோ நர்சரிகளிலிருந்து பூச்செடி ஏற்றிவந்த ஒரு குட்டி லோரி எதிரே வந்து நின்றது. இறங்கியவர் அண்ணன். தலை முழுக்க நரைத்திருந்தது.

“என்ன வயர்மேன், மூஞ்சி இன்னும் அப்படியேதான் இருக்கு?” என்று வந்து எதிரில் உட்கார்ந்தார்.

தேநீர் வரும்வரை செடிகளைப் பற்றிப் பேசினோம். எனக்குத் தாங்கவில்லை. “அண்ணே, அன்னைக்கு அந்த சுவிட்சு...” என்று இழுத்தேன்.

“சந்தனம்தானே?” என்றார்.

எடுத்த கிளாஸைத் திரும்பக் கீழே வைத்தேன்.

“டிரெய்லர் விழுந்தவுடனே இறங்கிக் குனிஞ்சு பார்த்தேன். மஞ்சளா ஒட்டியிருந்துச்சு. தட்டு தூக்கிட்டுப் போனது நீதானே.” சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னார். “தப்பு என் மேலயும் இருக்கு. காலையில காலி டிரெய்லரைக் கழட்டுறப்பவே பச்சை அணையல. பார்த்தேன்லா. லைட்டு மக்கர் பண்ணுது, மத்தியானம் உன்கிட்ட சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். இறங்கிப் பார்த்திருக்கணும்.”

“ஏன்ணே ஆபீஸ்ல சொல்லல?”

“நான் சொன்னா உன் தலையில விழும். நீயே பார்த்துட்டுச் சொல்லட்டும், நானும் என்னோடதைச் சொல்லிடுறேன், ரெண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்கிக்கலாம்னு இருந்தேன். உன்னையேதானே பார்த்துட்டு நின்னேன்? நீ லைட் ஓகேன்னுட்ட. சரி, லோரி ஆடிக் குலுங்கி வந்ததுல அது உதிர்ந்து போச்சு போல, பாவம் இவன் கண்ணுல படலன்னு நெனச்சுக்கிட்டேன். பட்டிருந்தா சொல்லாம இருப்பியா? உன்னை எனக்குத் தெரியாதா?”

தலையை ஆட்டியிருந்தால் போதும். அன்றோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் ஆறு வருட அலுப்பு, இதோடு இறக்கி வைத்துவிடலாம் என்ற ஆசை.

“கண்ணுல பட்டுச்சுண்ணே. நான்தான் துடைச்சேன்.”

கலக்கிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

“துடைச்சுட்டா ஆபீஸுக்கு வந்து நின்ன?”

“ஆமாண்ணே.”

அவர் திட்டவில்லை. பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். லோரியின் பின்கதவைக் கட்டியிருந்த கயிற்றை இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். குனிந்து கொக்கியையும் பார்த்தார். ஏறி ஓட்டிக்கொண்டு போனார். என் பக்கம் திரும்பவில்லை.

சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்றுதான் சொன்னேன். லேசாகவில்லை. வேலை போய், யார்டு போய், செடி லோரி ஓட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரிடம் ஆறு வருடமாக என்னைப் பற்றி ஒரு நல்ல எண்ணம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் அன்று நானே துடைத்துவிட்டு வந்தேன்.