கேசட்டில் வந்த கார் பத்திரிகை

1. முதல் நாள்

மன்னார்குடியில் பட்டறை வைத்திருந்த காலத்தில் எத்தனையோ வண்டிகளைப் பிரித்துச் சேர்த்திருக்கிறேன். டேப் ரெக்கார்டர் சொல்லச் சொல்ல வேலை பார்த்தது கூத்தாநல்லூர் சுலைமான் பாய் வீட்டில் மட்டும்தான்.

பாய் குவைத்தில் ஒரு பணக்காரர் வீட்டு டிரைவர். புது மாடல் கார்கள் ரோட்டுக்கு வந்து, பழையதையெல்லாம் எடைக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம். அப்படி எடைக்குப் போக இருந்த ஒரு கறுப்புக் காரை ரைஸ் மில் ஒன்றில் வாங்கி, கொல்லைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு அவர் விமானம் ஏறிவிட்டார்.

அவர் முதலாளிக்குப் பழைய கார்களை வீட்டிலேயே புதுப்பிக்கிறவர்களுக்கான இங்கிலீஷ் பத்திரிகை மாதாமாதம் வரும். முதலாளி படித்துப் போட்டதும் பாய் எடுத்துக்கொள்வார். படம் உள்ள பக்கங்களைக் கிழித்து, விளக்கத்தைத் தமிழில் பேசி கேசட்டில் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்.

அதைக் கேட்டு வேலை பார்க்கச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பொஸ்தகத்தப் பாத்தா வைத்தியம் பண்றது?" என்றேன்.

"ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்கண்ணே" என்று அவர் மனைவி ஜமீலா பட்டனை அமுக்கினாள். துணைக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனார், பாய் பிஸ்டன் ரிங்குக்கு வருவதற்குள் குறட்டை விட்டார்.

2. ஐப்பசி பிரைமர்

பத்திரிகைக்காரனுக்கு நம் ஊர் ஐப்பசி தெரியாது. அவன் சொன்னபடி, பெயிண்டுக்கு அடியில் பூசுகிற பிரைமரை அடித்தேன். மறுநாள் பார்த்தால் வெள்ளையாகப் பூத்திருந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, சுற்றிலும் குண்டு பல்பு தொங்கவிட்டு, என் வழியில் காயவைத்தேன்.

நான் தட்டும்போது ஜமீலா ரெக்கார்டரைத் தரையில் வைத்துப் பதிவு செய்வாள். அந்தச் சத்தம்தான் அவருக்குப் பதில் கேசட். அடுத்ததில் பாய் சொன்னார்: "சுத்தியல் சத்தத்துக்கு நடுவுல ஒன் வளையல் சத்தம் கேட்டுச்சு. அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன்." நான் கையில் இருந்த ஸ்பானரைத் தேடப் போனேன்.

3. ஹெட் கேஸ்கெட்

கடைசியில் கேஸ்கெட் தகட்டை வைத்து அதன் மேல் ஹெட்டை மாட்டினால் இன்ஜின் உயிர் பெறும் என்ற நிலை. எனக்கு ஒரே குஷி. ஜமீலா முகம் மட்டும் சரியில்லை.

"முடிஞ்சுட்டா அவங்க டேப்புல என்னண்ணே பேசுவாங்க?"

"பேச விஷயமா இல்ல?"

"கார் வர்றதுக்கு முன்னாடி நல்லாருக்கியா, அத்தாவுக்கு மருந்து வாங்குனியா, அவ்வளவுதான். மிச்சம் வெறும் டேப்புதான் ஓடும். அதையும் கடைசி வரைக்கும் கேப்பேன். இப்பதாண்ணே ரெண்டு பக்கமும் பேசுறாங்க."

"கேஸ்கெட் சரியா உக்காரல தங்கச்சி. மெட்ராஸ்லேர்ந்துதான் வரணும்" என்றேன். அச்சாகப் பொருந்துகிற கேஸ்கெட் என் பையில்தான் இருந்தது. பாய் லீவில் வருகிற வாரம்வரை அது வரவே இல்லை.

4. லீவு

பாய் வந்து அவர் கையாலேயே ஸ்டார்ட் செய்தார். ஒரே செல்ஃபில் பிடித்தது. இருவரும் அதில் போகாத ஊரில்லை. வடுவூர் ஏரிக்கரையில் ஒருமுறை எதிரே பார்த்தேன். ஜமீலா முன் சீட்டில் இருந்தாள்.

பாய் புறப்படுவதற்கு முதல் நாள் ஆள் விட்டார். சாயங்கால அசர் தொழுகை முடிந்து கொட்டகையில் சட்டையை மடித்துவிட்டு நின்றிருந்தார்.

"பிரிச்சிருவோம்ணே."

"ஓடுற வண்டியில கை வைக்கக் கூடாது பாய். என்ன கோளாறு?"

"கோளாறு ஒண்ணுமில்ல. நான் போயிட்டா அவகிட்ட என்ன பேசுறது? எனக்கு வேற பேசத் தெரியாதுண்ணே."

ஜமீலா பக்கம் பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை. கையில் பெரிய சகன் தட்டு. விருந்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற தட்டு அது.

என் தொழில் வாழ்க்கையில் நல்ல இன்ஜினை முதன்முதலாகப் பிரித்தது அன்றுதான். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் ஜமீலா வாங்கித் தட்டில் வரிசையாக வைத்தாள்.

"இந்தத் தடவ கார்புரேட்டர்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்" என்றார் பாய்.

"மெதுவாவே சொல்லுங்க. அவசரமில்ல."

தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். வண்டி ஓடினால் நம் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது எதற்காக நம்மிடம் வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் காரை அதன் பிறகு நான்கு தடவை சேர்த்தேன், மூன்று தடவை பிரித்தேன். நான்காவது தடவை பிரிக்கச் சொல்லி பாய் ஆள் விடவில்லை. அந்த லீவோடு அவர் ஊரிலேயே தங்கிவிட்டார்.