தியேட்டர் வாசலில் கேட்ட வார்த்தை

கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று முதல் சில வருஷங்கள் எடுத்த டெஸ்ட் எல்லாம் எனக்குத்தான். ஸ்கேன், ஊசி, மாத்திரை, வெறும் வயிற்றில் ரத்தம் என்று எல்லாவற்றுக்கும் நான்தான் கையை நீட்டினேன். கூட வந்த வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவரையும் சோதித்துப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மாமியாருக்குச் சுத்தமாகத் தோன்றவில்லை. "எங்க வம்சத்துல யாருக்கும் இப்பிடி இல்ல" என்று ஜீவனஹள்ளித் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஆரணிப் பக்கம். இந்தக் கன்னட ஊரில், பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலை. வீட்டுக்காரர் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜீவனஹள்ளி, வேலை பொம்மசந்திராவில் ஒரு மெஷின் கம்பெனியில். எங்கள் குடித்தனம் பொம்மனஹள்ளியில். வீட்டில் அவரை 'நீ' என்பேன். மாமியார் எதிரில் மட்டும் 'நீங்க'. அந்த நடிப்பை இரண்டு பேரும் ஒழுங்காகவே செய்துகொண்டிருந்தோம்.

டாக்டரை மாற்றினோம். புது டாக்டரம்மா என் பைலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து, "இவருக்கு என்ன டெஸ்ட் எடுத்தீங்க?" என்று கேட்டார். இதுவரை ஒன்றும் எடுக்கவில்லை என்றேன். பிறகு எடுத்துப் பார்த்ததில் அவர் விந்தில் ஓர் உயிரணுகூட இல்லை. மறுபடி எடுத்தார்கள். அப்போதும் இல்லை.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "வெளிய வரதுல ஒண்ணும் இல்ல. ஆனா விதைக்குள்ள அங்கங்க கொஞ்சம் உற்பத்தி ஆயிட்டிருக்கலாம். மயக்கம் குடுத்து, சின்னதா திறந்து, மைக்ராஸ்கோப் வெச்சுத் தேடணும். ஒண்ணு ரெண்டு கெடைச்சாக்கூடப் போதும், முட்டைக்குள்ள நாங்களே ஊசியால விட்டுடுவோம். சிலருக்குக் கெடைக்கும், சிலருக்குக் கெடைக்காது. தேடாம சொல்ல முடியாது."

அன்று சாயங்காலம் வீட்டில் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் எதிரில் வந்து உட்கார்ந்தார். "நீ வேணும்னா வேற கல்யாணம் பண்ணிக்கோ மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "சரி, மாப்பிள்ளையையும் நீயே பாத்துக் குடு. கவர்ன்மென்ட் வேலையா இருக்கட்டும். கிரிக்கெட் பாக்காதவனா இருக்கட்டும்" என்றேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். எனக்குக் குழந்தை வேண்டும், அது அவருடைய அந்தச் சப்பை மூக்கோடுதான் வேண்டும், வேறு மூக்கு எனக்கெதற்கு என்று பீன்ஸைத் தள்ளி வைத்துவிட்டு நானும் அழுதேன். உள்ளே தேடி ஒன்றும் இல்லையென்றால் அந்த மூக்குக்கு வழியில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. ஆனாலும் தேடட்டும் என்று முடிவு செய்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீவனஹள்ளிக்குப் போனோம். மாமியார் மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக, "அம்மா, கொறை எங்கிட்டதான். டாக்டர் சொல்லிட்டாங்க. இனிமே இவள ஒரு வார்த்தை சொல்லாத" என்றார். மாமியார் அடுப்பை அணைத்தார். சாப்பாடு போட்டபோது மீன் தலையை என் தட்டில் வைத்தார். அந்த வீட்டில் அது எப்போதும் மகனுக்குப் போகிற தலை. வீட்டுக்காரர் தன் வால்துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பிட ஆரம்பித்தார்.

ஆபரேஷன் அன்று மாமியார் இரண்டு பஸ் மாறி, டிபன் பாக்ஸில் இட்லியோடு வந்துவிட்டார். வீட்டுக்காரருக்குப் பச்சை கவுன் போட்டு முதுகுப்புறம் நாடா கட்டியிருந்தார்கள். "பின்னாடி காத்து நல்லா வருதா?" என்று காதோரம் கேட்டேன். "சிரிக்காத. கெடைக்கலன்னா இன்னா பண்றது?" என்றார். "இட்லி இருக்கு. துன்னுட்டு வூட்டுக்குப் போலாம்" என்றேன். அவரைத் தள்ளிக்கொண்டு போனதும் என் தைரியமும் கூடவே உள்ளே போய்விட்டது.

தியேட்டருக்குள்ளேயே லேப் இருந்தது. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகச் சதையை எடுத்துக் கொடுக்க, லேபில் இருப்பவர்கள் அதைப் பிரித்துப் பிரித்துத் தேடுவார்களாம். சீக்கிரம் கிடைத்தால் சீக்கிரம் முடியும். ஒரு பக்கம் கிடைக்காவிட்டால் மறுபக்கம் திறப்பார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. "ரெண்டாவது பக்கம் பாக்கறாங்க போல" என்று மாமியார் மெதுவாகச் சொன்னார்.

கதவு திறந்தது. தொப்பியும் மாஸ்க்குமாக லேப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். எங்களைக் கண்டதும், "சிக்தம்மா, சிக்து" என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் உள்ளே போய்விட்டாள்.

அந்த வார்த்தை எனக்குத் தெரியாததில்லை. தினமும் கடையில் கொத்தமல்லி சிகுத்தா, கறிவேப்பிலை சிகுத்தா என்று கன்னடத்தில் கேட்கிறவள்தான் நான். ஆனால் அந்த நிமிஷம் என் காது ஆரணிக் காதாகிவிட்டது. எனக்குச் சிக்குவது என்றால் தையல் மெஷினில் பாபினுக்கு அடியில் நூல் சிக்கிக்கொள்வது. ஊசி படக்கென்று உடைவது. உள்ளே அவருக்குள் எதுவோ சிக்கிக்கொண்டது, எடுக்க முடியாமல் திணறுகிறார்கள் என்றே புரிந்துகொண்டேன்.

கதவைத் தட்டவில்லை, இடித்தேன். "என்ன சிக்கிச்சு? எங்க சிக்கிச்சு? அவர வெளிய அனுப்புங்க. எனக்குக் கொழந்தையும் வேணாம், ஒண்ணும் வேணாம், அவர மட்டும் அனுப்புங்க" என்று கத்தினேன். மாடியிலிருந்து செக்யூரிட்டி இறங்கி ஓடிவந்தார். என்னைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது மாமியார்தான்.

"ஏய் லூசு, சும்மா இருடி. சிக்துன்னா கெடச்சிருச்சுன்னு அர்த்தம். கன்னடத்துல சொல்லிட்டுப் போறா. கெடச்சிருச்சு."

"என்ன கெடச்சிருச்சு?"

"எதத் தேடப் போனாங்களோ அது."

சொல்லிவிட்டு மாமியார் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். நான் கேட்காமலே கெடச்சிருச்சு, கெடச்சிருச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். செக்யூரிட்டி எங்களை எழுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போய்விட்டார்.

மயக்கம் தெளிந்ததும் வீட்டுக்காரர் என் முகத்தைத்தான் தேடினார். எனக்கு முன்னால் மாமியார் முந்திக்கொண்டார். "கெடச்சது இருக்கட்டும். உம் பொண்டாட்டி ஆஸ்பத்திரி கதவ ஒடைக்கப் பாத்தா" என்று தொடங்கி முழுக் கதையையும் சொன்னார். வீட்டுக்காரர் சிரித்தார். "அய்யோ, சிரிக்க வெக்காதீங்க, வலிக்குது" என்று ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டார். கொழந்தையும் வேணாம், அவர மட்டும் அனுப்புங்க என்று நான் கத்தியதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. அம்மா எதிரிலேயே என் கையைப் பிடித்தார். அதுவரை அப்படிப் பிடித்ததே இல்லை.

"கொஞ்சம்தான் கெடைச்சுது. ஆனா நல்லா இருக்கு" என்று டாக்டரம்மா சொன்னார். அதை உறைய வைத்துப் பத்திரப்படுத்தினார்கள். வீட்டுக்காரர் காலை அகட்டி அகட்டி வீட்டுக்குள் நடந்ததைப் பார்த்து நான் பல நாள் கேலி செய்தேன். பிறகு என் முறை வந்தது. வயிற்றில் ஊசி ஊசியாகப் போட்டு முட்டை எடுத்தார்கள், கருக்கள் உருவாயின, ஒன்றை வைத்தார்கள், மிச்சத்தை உறைய வைத்தார்கள். ஒட்டவில்லை.

அதைக் கம்பெனியில் இருக்கும்போது போனில் சொன்னார்கள். பாத்ரூமில் போய் அழுதேன், முகம் கழுவிக்கொண்டு வந்து காலர் தைத்தேன். அன்று தைத்ததெல்லாம் கோணல். வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர் டீ போட்டு வைத்திருந்தார். "இன்னும் ரெண்டு கரு ஆஸ்பத்திரி பிரிட்ஜ்ல இருக்குதுங்க. நம்ம வூட்டு பிரிட்ஜ் மாதிரி அதுல கரன்ட் போவாது, கவலப்படாத" என்றார். அந்த ஜோக்குக்கு அடிக்கத்தான் தோன்றியது. ஆனால் டீயைக் குடித்தேன்.

மழைக்காலம் முடிந்து இரண்டாவது முறை வைத்தார்கள். ரத்தப் பரிசோதனை அன்று வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. மாமியார்தான் கூட வந்தார். டாக்டரம்மா சொல்லி முடித்ததும் வெளியே வந்து போன் போட்டேன். அவர் கம்பெனியில் மெஷின் பக்கம் போனை எடுத்துப் போக விடமாட்டார்கள். செக்யூரிட்டியிடம் கொடுத்து வைத்திருந்தார். செக்யூரிட்டி எடுத்து, ஆள் விட்டுக் கூப்பிட்டு, அவர் ஓடிவந்து பேசும் வரை எனக்குத்தான் மூச்சிரைத்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஹலோ, இன்னா ஆச்சு? பேசு மா. சிக்கிச்சா?"

"எந்த பாஷைல கேக்கற நீ?"

மாமியார் எதிரில் 'நீ' என்று சொல்லிவிட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் மெஷின் சத்தத்துக்கு மேல் வீட்டுக்காரர் குரல் வந்தது.

"கன்னடத்துல" என்றார்.

"சிக்து" என்றேன்.